பர்கூரில் விற்காதது பெர்த்தில் விற்கிறது

"உங்க சாஃப்ட்வேரை நம்ம ஊர்ல யாரும்மா வாங்குறாங்க?" கிருஷ்ணகிரியில் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார். "இங்க கொஞ்சப் பேருதாங்க, மத்தவங்கல்லாம் நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம்" என்று சொன்னால், ஒன்று நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைப்பார்கள், இல்லையென்றால் கதை விடுகிறேன் என்று நினைப்பார்கள். இரண்டும் இல்லை. உள்ளூரில் விற்க முடியாததால்தான் அவ்வளவு தூரம் போனோம்.

எங்கள் ஆபீஸ் ராயக்கோட்டை சாலையில், பம்புசெட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பதினைந்து பேர்கூட இல்லை. கணக்கும் வாடிக்கையாளர் பொறுப்பும் என்னுடையவை. நாங்கள் செய்வது மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கான ஒரு சாஃப்ட்வேர். ஒரு டிரம் கூழை எடுத்துக்கொண்டால் அந்தப் பழம் எந்தத் தோப்பிலிருந்து வந்தது, எந்த மண்டி வழியாக வந்தது, எந்தத் தேதியில் எந்தத் தொட்டியில் அரைத்தார்கள், பிரிக்ஸ் என்கிற இனிப்பு அளவு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று அந்த டிரம்மின் ஜாதகம் முழுவதும் அதில் இருக்கும்.

ஆரம்பித்து இரண்டு மூன்று வருடத்துக்குள் வெளிநாட்டுக்குப் போகிற கம்பெனிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துணிச்சல், கனவு, உலகத் தரம் என்றே எழுதுகிறார்கள். பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. யார் முதலில் காசு கொடுக்கிறாரோ அவர் இருக்கிற ஊருக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். அவர் பக்கத்துத் தெருவில் இருந்திருந்தால் பாதிப் பேர் மாவட்ட எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் கூப்பிடாமலே, போட்ட பணம் பின்னாலிருந்து தள்ளுவதால் போகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

முதலில் எங்கள் கதை. நாங்களும் வீட்டு வாசலில்தான் கடை போட்டோம். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி என்று சுற்றிலும் மாங்கூழ் தொழிற்சாலைகள். நாம் பெங்களூரா என்று சொல்கிற தோத்தாபுரி மாங்காய்தான் இந்தத் தொழிலின் அஸ்திவாரம். அல்போன்சாவுக்குப் பெயர் அதிகம், தோத்தாபுரிக்கு வேலை அதிகம். கொதிக்கவைத்து ஆற்றிய கூழைக் கிருமி புகாத பைக்குள் நிரப்பி, அந்தப் பையை இரும்பு டிரம்முக்குள் வைப்பார்கள். ஒரு டிரம் 215 கிலோ. இருபது அடி கன்டெய்னரில் 80 டிரம் ஏறும். அது சவூதிக்குப் போகும், ஏமனுக்குப் போகும், குவைத்துக்குப் போகும், நெதர்லாந்துக்குப் போகும். அங்கே அதில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்ந்து ஜூஸ் ஆகும், தயிரில் கலக்கும், ஐஸ்கிரீம் ஆகும். இவ்வளவு தொழிற்சாலைகள் பக்கத்தில் இருக்க, சாஃப்ட்வேரை வேறு எங்கே போய் விற்பது என்றுதான் அண்ணன் கேட்டார். அண்ணன் என்றால் எங்கள் முதலாளி. பெங்களூருவில் ஐரோப்பிய உணவுக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிற இடத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்.

பர்கூர் பக்கம் ஒரு தொழிற்சாலை முதலாளியிடம் போனோம். நல்ல மனிதர், மோர் கொடுத்து உட்கார வைத்தார். கம்ப்யூட்டரில் காட்டியதை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். விலையைச் சொன்னதும் சிரித்தார்.

"வருசத்துல மூணு மாசந்தான் என் பாய்லர் எரியுது. நீங்க பன்னெண்டு மாசத்துக்கு வாடகை கேக்குறீங்க. மீதி ஒம்பது மாசம் உங்க சாஃப்ட்வேர் என்னம்மா பண்ணும், எனக்கு வட்டி கட்டுமா?"

சரி, சீசனுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றோம். ஸ்டோரில் இருக்கிற பையனைக் கூப்பிட்டார். போன வருட ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு பேட்ச் எண்ணைச் சொல்லி எடுத்து வரச் சொன்னார். பையன் சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றைக் கொண்டு வந்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, பத்து நிமிடத்தில் விரலை வைத்துக் காட்டினான். லாரி எண், எடை, பிரிக்ஸ் எல்லாம் பால்பாயின்ட் பேனாவில் இருந்தன.

"இவனுக்கு மாசம் பதினஞ்சாயிரம். கணக்கு எழுதுறான், லோடு எண்ணுறான், சாயங்காலமானா என் பேரனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டும் வர்றான். உங்க கம்ப்யூட்டர் ஸ்கூலுக்குப் போகுமா?"

அவர் வேடிக்கையாகச் சொன்னார். ஆனால் இந்தியாவில் தொழில் சாஃப்ட்வேர் விற்கிற எல்லோரும் முட்டிக்கொள்கிற சுவர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. இன்னொரு சாஃப்ட்வேர் எங்களுக்குப் போட்டியே இல்லை. அந்தப் பையனின் சம்பளம்தான் போட்டி. சாஃப்ட்வேரின் விலை என்பது அது மிச்சப்படுத்துகிற மனித உழைப்பின் விலைக்கு மேல் போக முடியாது. நெதர்லாந்தில் 2024 ஜனவரியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.27 யூரோ. கையெழுத்து நோட்டைப் புரட்ட ஓர் ஆளை அங்கே உட்கார வைத்தால், எங்கள் சாஃப்ட்வேரின் மாதக் கட்டணம் அவருடைய இரண்டு நாள் சம்பளத்தில் அடங்கிவிடும். இங்கே அதே கட்டணம் ஒரு மனிதனின் அரை மாதச் சம்பளம். பர்கூர் முதலாளி கணக்கு தெரியாமல் மறுக்கவில்லை. கணக்கு தெரிந்துதான் மறுத்தார்.

நூற்று நாற்பது கோடி மக்கள் இருக்கிற நாட்டில் சந்தை இல்லையா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் அத்தனை பேரும் சந்தை. மாதாமாதம் கட்டணம் கட்டி ஒரு வேலையை சாஃப்ட்வேரிடம் ஒப்படைக்கிறவர்கள் என்று எண்ண ஆரம்பித்தால் நாடு சட்டென்று சுருங்கிவிடும். அந்த விஷயத்தில் நாமும் எஸ்தோனியாவும் அவ்வளவு தள்ளி இல்லை. எஸ்தோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம், நம் மாவட்டத்தைவிடக் குறைவு. 2003-ல் வந்த ஸ்கைப்பை எழுதியவர்கள் அங்கே இருந்த பொறியாளர்கள். நாடு விட்டு நாடு பணம் அனுப்ப உதவுகிற டிரான்ஸ்ஃபர்வைஸை 2011-ல் லண்டனில் தொடங்கிய இருவரும் எஸ்தோனியர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உள்நாட்டுச் சந்தை என்ற யோசனைக்கே இடம் இல்லை. இஸ்ரேலும் அப்படித்தான். கணினிப் பாதுகாப்பு சாஃப்ட்வேர் விற்க 1993-ல் தொடங்கிய செக் பாயின்ட் ஆரம்பத்திலிருந்தே அமெரிக்காவைப் பார்த்து விற்றது. நாடு சின்னது என்பதால் அவர்கள் போனார்கள். நாடு பெரியதாக இருந்தும், பர்ஸ் சின்னது என்பதால் நாம் போகிறோம்.

சென்னையின் இரண்டு பெரிய பெயர்களை எடுத்துக்கொண்டாலும் இதையே பார்க்கலாம். இன்றைய ஸோஹோ 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது விற்றது நெட்வொர்க்கை மேலாண்மை செய்கிற சாஃப்ட்வேர். அதை வாங்கக்கூடியவர்கள் தொலைத்தொடர்புக் கருவி தயாரிக்கிறவர்கள். அவர்கள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்தார்கள், அம்பத்தூரில் இல்லை. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கிற சாஃப்ட்வேர் விற்க 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கிற ஆட்வெல் காலேஜ் என்ற பள்ளிக்கூடம். யாரும் பெர்த்துக்குப் பறந்து போய்ப் பேசவில்லை. பள்ளிக்காரர்கள் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து வாங்கினார்கள். அந்தக் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

இப்போது ‘வெளிநாட்டுக்குப் போவது’ என்பதில் போவது என்ற பகுதியே பெரும்பாலும் கிடையாது. எங்கள் ஆபீஸில் முக்கால்வாசிப் பேரிடம் பாஸ்போர்ட் இல்லை. அமேசான் 2006-ல் சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் சாஃப்ட்வேர் விற்க வேண்டுமென்றால் அங்கே ஒரு ஆளாவது, ஒரு மிஷினாவது வேண்டும். இன்றைக்குத் தகவலை ஐரோப்பாவுக்குள்ளேயே வைத்திருங்கள் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால், ஃப்ராங்க்ஃபர்ட் என்று ஒரு பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இதைப் பற்றி ஆராய்ச்சியே ஒன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977-ல் யோஹான்சன், வால்னே என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கம்பெனிகள் முதலில் உள்நாட்டில் காலூன்றும், அப்புறம் பழக்கவழக்கம் ஒத்த பக்கத்து நாட்டுக்கு ஏஜென்ட் மூலம் போகும், தெரிய வரத் தெரிய வர இன்னும் தள்ளிப் போகும் என்பது அது. ஸ்வீடனின் பழைய எந்திரக் கம்பெனிகளுக்கு அது சரியாகவே பொருந்தியது. 1994-ல் ஓவியட், மெக்டூகல் என்ற இரண்டு பேர், பிறந்த நாளிலிருந்தே பல நாடுகளில் வியாபாரம் செய்கிற கம்பெனிகள் வந்துவிட்டன, அவற்றுக்கு இந்தப் படிக்கட்டு பொருந்தாது என்று எழுதினார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஓசூர் ரோஜா காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறது. நம் கிரானைட் கல் எந்த நாட்டுச் சமையலறை மேடையாகிறதோ தெரியாது. மாங்கூழ் தொழிற்சாலை முதல் சீசனிலேயே ஏற்றுமதி ஆர்டரை நம்பித்தான் பாய்லரைப் பற்றவைக்கிறது. தர்மபுரியில் விற்றுப் பார்த்துவிட்டு சேலம், அப்புறம் சென்னை, அப்புறம் சவூதி என்று எந்தக் கூழ் வியாபாரியும் படிப்படியாகப் போனதில்லை.

எங்களை நெதர்லாந்தின் துறைமுக நகரமான ரோட்டர்டாம் பக்கம் இழுத்ததும் கூழ்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002-ல் ஓர் உணவுச் சட்டம் போட்டார்கள். 178/2002 என்பது அதன் எண். அதன் 18-வது பிரிவு 2005 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. உணவு வியாபாரம் செய்கிற ஒவ்வொருவரும் யாரிடமிருந்து வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று காட்ட முடிய வேண்டும். சட்டம் கேட்பது ஒரு படி பின்னே, ஒரு படி முன்னே மட்டும்தான். ஆனால் வாங்குகிற பெரிய கம்பெனிகள் அதோடு விடாது. பூச்சிமருந்தின் மிச்சம் ஏதாவது ஒரு டிரம்மில் தென்பட்டால், அதே தோப்புப் பழம் வேறு எந்தெந்த டிரம்மில் இருக்கிறது என்று சில மணி நேரத்தில் சொல்லச் சொல்வார்கள். சொல்ல முடியாவிட்டால் மொத்த கன்டெய்னரையும் ஒதுக்கிவைக்க வேண்டும். இறக்குமதி செய்கிறவருக்கு அது பெரிய அடி. சிவப்பு அட்டை நோட்டில் பத்து நிமிடத்தில் ஒரு பேட்ச் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு தோப்பின் பெயரைச் சொல்லி அது போன இடமெல்லாம் காட்டு என்றால் அந்த நோட்டு இரண்டு நாள் எடுக்கும். அந்தப் பயம் பர்கூரில் இல்லை, ரோட்டர்டாமில் இருந்தது. பயம் இருக்கிற இடத்தில்தான் பணமும் இருந்தது.

அண்ணனுடன் பெங்களூருவில் வேலை பார்த்த ஒருவர் மூலமாகத்தான் அந்த இறக்குமதியாளர் அறிமுகம் ஆனார். இதையும் மறைக்கக்கூடாது. இளம் கம்பெனிகள் எந்த நாட்டுக்குப் போகின்றன என்று பார்த்தால், நிறுவனர் முன்பு எந்த நாட்டுக்காரர்களோடு வேலை செய்தார் என்பது பாதி விடையைச் சொல்லிவிடும். உலக வரைபடத்தை விரித்துச் சந்தையை ஆராய்ந்து முடிவெடுத்தோம் என்பதெல்லாம் பின்னால் பேட்டி கொடுக்கும்போது சொல்வது. அண்ணனின் பழைய அலுவலகம் சவூதிக்காரர்களுக்கு வேலை செய்திருந்தால் நாங்கள் இந்நேரம் ஜித்தாவில் விற்றுக்கொண்டிருப்போம்.

இறக்குமதியாளர் தன் பணத்தில் சாஃப்ட்வேரை வாங்கி, தனக்குக் கூழ் அனுப்புகிற தொழிற்சாலைகளை அதில் எழுதச் சொன்னார். அவற்றில் சில நம் பக்கத்திலேயே இருந்தன, சில ஆந்திராவில் சித்தூர் பக்கம். இங்கே ஆயிரக்கணக்கில் ரூபாய் சொன்னபோது முகம் சுளித்தார்கள். அங்கே யூரோவில் சொன்னபோது, "இதில் பயிற்சியும் சேர்ந்ததா?" என்று மட்டும் கேட்டார்கள்.

பணம் வருகிற வழியும் ஒரு காரணம். இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, எழுதுகிறவர்கள் கணக்குப் பிரிவில் இல்லை என்பதால் இருக்கலாம். உள்ளூர் வாடிக்கையாளருக்கு நான் பில் போட்டால் அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அவர் மூன்று மாதம் கழித்துக் கொடுப்பார், அதுவும் நாலு தடவை போன் பண்ணிய பிறகு. ஆனால் வரியை நான் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வராத பணத்துக்குக் கையிலிருந்து வரி. வெளிநாட்டு பில்லுக்கு இந்தத் தலைவலி இல்லை. எல்.யூ.டி என்று ஒரு உறுதிமொழியை வருடத்துக்கு ஒருமுறை ஆன்லைனில் கொடுத்துவிட்டால் வரி போடாமலே பில் அனுப்பலாம், அந்நியச் செலாவணியாகப் பணம் வந்து சேர்ந்தால் போதும். அப்புறம் கார்டு விஷயம். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரு விதியை அமல்படுத்தியது. மாதாமாதம் தானாகப் பிடிக்கிற தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் ஓ.டி.பி. போட வேண்டும். அடுத்த வருடம் அந்த வரம்பை 15,000 ஆக்கினார்கள். மோசடியைத் தடுக்க அது நல்ல விதி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் சந்தாவை நம்பி வாழ்கிற சின்னக் கம்பெனிக்கு, மாதம் பிறந்தால் கார்டிலிருந்து சத்தமில்லாமல் பணம் வந்து விழுகிற வெளிநாட்டு வாடிக்கையாளரின் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு வெளிநாடு என்றால் பாயாசம் என்று நினைத்துவிட வேண்டாம். வாடிக்கையாளர் சேர்வதற்கு முன்பே கேள்வித்தாள் வரும். தகவல் பாதுகாப்பு எப்படி, யார் யாருக்கு அனுமதி, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை எத்தனை மணி நேரத்தில் மூடுவீர்கள் என்று பக்கம் பக்கமாக. 2018 மே மாதத்தில் ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். அமலான பிறகு இது இன்னும் கூடிவிட்டது. அமெரிக்காவில் விற்கப் போனால் எஸ்.ஓ.சி. 2 என்ற தணிக்கைச் சான்று கேட்பார்கள். அதே 2018-ல் வந்த ஓர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் கடை இல்லாதவரிடமும் விற்பனை வரி கேட்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற நிலைமை சில மாதம் எங்களுக்கே வந்தது.

ஆனால் சின்னதாக இருக்கும்போதே போவதில் ஒரு லாபம் இருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன். டச்சுக்காரர்கள் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி வைப்பார்கள். நாம் 14.2 பிரிக்ஸ் என்று எழுதுவதை அவர்கள் 14,2 என்று எழுதுவார்கள். தோத்தாபுரிக் கூழ் என்றால் 14-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் கணக்கு, அதனால் இந்த ஒரு எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். காற்புள்ளியை சாஃப்ட்வேர் கண்டுகொள்ளாமல் விட்டால் அது 142 ஆகிவிடும், தேனைவிடக் கெட்டியான மாங்கூழ். தேதியும் அப்படித்தான். 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. எங்களுடன் இருக்கிற பெண் ஒருத்தி, சந்தூர்க்காரி, இதை எல்லாம் முதல் வருடத்திலேயே உட்கார்ந்து அடியோடு மாற்றி எழுதினாள். அப்போது வாடிக்கையாளர்கள் கைவிரலில் எண்ணுகிற அளவு, அதனால் ஒரு வாரத்தில் முடிந்தது. உள்ளூரில் ஆயிரம் பேருக்கு விற்று முடித்துவிட்டு, அஸ்திவாரம் வரைக்கும் ரூபாயும் இந்தியத் தேதியும் பாய்ந்த பிறகு மாற்றியிருந்தால் வருடம் ஓடியிருக்கும். மனிதர்களும் அப்படித்தான். இரவு எட்டு மணிக்கு டச்சுக்காரரின் போனை எடுப்பது எங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்து வேலையின் பகுதி. பத்து வருடம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் பழகிய ஆபீஸில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி, பணம் தள்ளிவிடுகிற கதை.

பயணிகளுக்கு வீடுகளை வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கிற ஏர்பிஎன்பி 2011-ல் ஐரோப்பாவில் அவசர அவசரமாக அலுவலகங்களைத் திறந்தது. ஜெர்மனியில் சாம்வர் சகோதரர்கள் அதே மாதிரி விம்டு என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கு 9 கோடி டாலர் முதலீடும் திரட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் வெற்றி பெறுகிற எதையும் நகலெடுப்பது அந்தச் சகோதரர்களின் தொழிலே. இடத்தை விட்டால் போச்சு என்ற பயம் அது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. பயணி எந்த நாட்டிலிருந்து கிளம்பி எந்த நாட்டில் தங்கினாலும் அது ஒரே வலைதான், ஐரோப்பா இல்லாமல் ஏர்பிஎன்பி பாதி கடை. விம்டு 2018-ல் மூடிக்கொண்டது. ஆனால் ஊபருக்கு அந்த நியாயம் இல்லை. ஷாங்காயில் கார் பிடிக்கிறவருக்கு சான் பிரான்சிஸ்கோவில் எத்தனை ஊபர் ஓடினால் என்ன? ஒவ்வொரு ஊரையும் தனித்தனியாக ஜெயிக்க வேண்டும். சீனாவில் வருடத்துக்கு 100 கோடி டாலர் நஷ்டம் என்று அதன் தலைவரே 2016-ல் சொன்னார். அதே வருடம் ஆகஸ்டில் அந்த நாட்டு வியாபாரத்தை அங்கே போட்டிக் கம்பெனியான தீதீயிடம் விற்றுவிட்டு வந்தார்கள்.

நம் ஓலா 2018-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது, அப்புறம் நியூசிலாந்து, பிரிட்டன். 2024 ஏப்ரலில் மூன்றையும் மூடியது. பெர்த்தில் ஒரு பள்ளிக்கூடம் சென்னை சாஃப்ட்வேரைத் தானாகத் தேடி வந்து வாங்கியதற்கும், அதே ஆஸ்திரேலியாவில் ஊபர் ஏற்கெனவே ஓடுகிற தெருவில் இன்னொரு கார் விடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம். அங்கே இருக்கிறவர்கள் யாரும் ஓலா வரவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. முதலீட்டாளரிடம் காட்டுகிற படத்தில் நாடுகளின் எண்ணிக்கை கூடுவது அழகாக இருக்கும். பெரிய தொகையாகப் பணம் போட்டவர் பெரிய சந்தையைக் கேட்பார். இந்தியாவின் பர்ஸ் சின்னது என்று அவருக்கும் தெரியும். அதனால் அடுத்த சுற்றுப் பணம் வாங்குவதற்கு முன்னால் இன்னொரு கொடி ஊன்ற வேண்டும். இது என் அனுமானம்தான், ஆனால் கணக்குப் புத்தகத்தைப் படிக்கிற பழக்கத்தில் வந்த அனுமானம்.

இன்னொரு வகைப் பயணம் காகிதத்தில் மட்டும் நடப்பது. புதுக் கம்பெனிகளில் முதலீடு செய்கிற அமெரிக்காவின் வொய் காம்பினேட்டர் மாதிரி இடங்களில் பணம் வாங்க வேண்டுமென்றால் தாய்க் கம்பெனி அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அதனால் ஆளெல்லாம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில், கம்பெனி அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில். அப்படிப் போனவர்கள் திரும்பி வருவதும் இப்போது நடக்கிறது. ஃபோன்பே 2022-ல் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு மாறியபோது அதன் முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய் வரி கட்ட நேர்ந்தது. போகும்போது ஒரு வக்கீல் போதும், வரும்போது ஒரு வங்கியே வேண்டும் போலிருக்கிறது.

எங்களுக்கு உள்ளூரில் இப்போது வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த பர்கூர் முதலாளியும் வந்தார். பேரனுக்காக இல்லை, அவருடைய பெல்ஜியம் ஆர்டருக்காக. 2025 கோடையில் தோத்தாபுரி விலை கிலோ ஒற்றை இலக்கத்துக்கு விழுந்து, தோட்டக்காரர்கள் பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று பழத்தை மரத்திலேயே விட்டார்கள். பழைய கூழ் தேங்கிக் கிடந்ததும் ஒரு காரணம். அப்படிப்பட்ட வருடத்தில் வாங்குகிறவர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? கேட்ட காகிதத்தைக் கேட்ட அன்றே கொடுக்கிறவரை. முதலாளி இப்போதும் சீசனுக்கு மட்டும்தான் பணம் கட்டுகிறார், அதிலும் பேரம் பேசினார். ஸ்டோர் பையன்தான் எங்கள் சாஃப்ட்வேரில் எழுதுகிறான், சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம்.

அமெரிக்காதான் ஏமாற்றிவிட்டது. பழம், காய், மீன் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் இருக்கிற பொருள்களின் பயண விவரத்தை அதிகாரிகள் கேட்டால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருக்கிறது. கூழ் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் பழமாக விற்கிற மாம்பழம் உண்டு. 2026 ஜனவரியில் அமலாக வேண்டியது. அதை நம்பி நாங்கள் ஒரு தனிப் பதிப்பே தயார் செய்தோம். 2028 ஜூலைக்குத் தள்ளிவிட்டார்கள். பேசிக்கொண்டிருந்த இறக்குமதியாளர்கள் எல்லாம் அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பயம் தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும்.

அந்த இடைவெளியில்தான் இப்போது துபாய் பேச்சு வந்திருக்கிறது. பெங்களூருவில் ஒருவர் முதலீடு செய்யத் தயாராக இருக்கிறார். வளைகுடாவில் ஒரு அலுவலகம் இருந்தால் மதிப்பு கூடும் என்கிறார். அண்ணனுக்கு மனம் இறங்கிவிட்டது. நான் எதிர்க்கிறேன். நம் கூழில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான் போகிறது என்பது சரி, ஆனால் அங்கிருந்து வாங்குகிறவர்கள் இத்தனை வருடத்தில் விலையைக் கேட்டிருக்கிறார்கள், கப்பல் தேதியைக் கேட்டிருக்கிறார்கள். எந்தத் தோப்பு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்காதவருக்கு எதை விற்பது? அவர்கள் கேட்க ஆரம்பிக்கும்போது இங்கிருந்தே விற்கலாம், நேரமும் ஒன்றரை மணி வித்தியாசம்தான்.

"எல்லாத்துக்கும் கணக்குப் பாத்தா எப்படிம்மா?" என்கிறார் அண்ணன்.

"அதுக்குத்தானே அண்ணா சம்பளம் குடுக்குறீங்க" என்றேன்.

துபாயில் மேஜை ஒன்றை மாத வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறார், இன்னும் முன்பணம் அனுப்பவில்லை. அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டு நான் மெயில் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.